தளத்துத் தண்ணீர்

மூன்றாவது பாத்தியில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. காலையிலிருந்து இரண்டு தடவை நிரப்பிவிட்டேன், இரண்டு தடவையும் வடக்கோரத்தில் எங்கேயோ கசிந்து இறங்கிவிட்டது. மற்ற பதினொரு பாத்திகளும் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு வானத்தை ஏந்திக்கொண்டு சும்மா கிடக்கின்றன, இது மட்டும் நடுவில் வெளுத்துத் திட்டுத் திட்டாகக் காய்கிறது. எங்கள் புது வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட்டு இன்றோடு நாலு நாள். போட்ட மறுநாள் காலையிலேயே ஆசீர்வாதம் கொத்தனார் வந்து, மணலும் சிமெண்டும் குழைத்துச் சின்னச் சின்ன வரப்பாக வைத்து, தோட்டத்தில் பாத்தி கட்டுகிற மாதிரி தளம் முழுக்கக் கட்டம் பிரித்துவிட்டு, "பதினாலு நாளைக்கு ஈரம் காயக் கூடாது தம்பி, ஒரு பாத்தி காஞ்சாலும் வெடிச்சிரும், பச்சப்பிள்ளையப் பாத்துக்கிடுத மாதிரி பாத்துக்கிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். முப்பது வருஷமாகச் சொல்லி வாய் பழகியிருக்கும். எனக்குத்தான் அது தைத்துக்கொண்டு நிற்கிறது, பிடுங்கப் பிடுங்க உள்ளே போகிறது. மணி பத்து. பத்தரைக்கு ஸ்கேன். அம்மாவும் மாரிக்கனியும் ஆறு மணி பஸ்ஸுக்கே திருநெல்வேலிக்குப் போய்விட்டார்கள். என் பெண்டாட்டி வயிற்றில் இருக்கிற ஐந்து மாதப் பிள்ளைக்கு இருதயம் சரியாகத் துடிக்கிறதா என்று பார்க்கிற நாளில் நான் இங்கே ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பார்த்தேன், நானும் வரட்டுமா என்று. கனி தட்டைக் கழுவி ஊற்றிக்கொண்டே, "நீங்க எதுக்கு. நீங்க வீட்டுக்குத் தண்ணி ஊத்துங்க, அது காஞ்சிரப் போவுது" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் சத்தமாகச் சொல்வதில்லை. நானும் சரி என்று சொல்லிவிட்டேன். இல்லை, நான் வருவேன், தளம் வெடித்தால் வெடிக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்த வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது, எப்போதும் வருகிறதுதான், தொண்டையைத் தாண்டி வருவதில்லை.

கீழே எங்கேயோ சொட்டுகிறது. மூன்றாம் பாத்தித் தண்ணீர்தான், தளத்துக்கு அடியில் வரிசையாக முட்டுக்கொடுத்து நிற்கிற சவுக்குக் கம்புகளுக்கு நடுவில், தரையில் விரித்துக் கிடக்கிற சிமெண்ட் சாக்கில் விழுகிறது. டப். டப். எண்ணக் கூடாது என்று நினைத்தேன், நினைக்கும்போதே பன்னிரண்டு எண்ணிவிட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா எண்ணைச் சொன்னது போதும், அன்றிலிருந்து எனக்கு எதைக் கேட்டாலும் எண்ணத் தோன்றுகிறது. "நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது துடிக்கணும். அறுபதுதான் இருக்கு." கனி படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா அவள் வயிற்றில் தடவிய பசையைத் துடைக்கக் காகிதம் கொடுத்தார்கள், அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு துடைக்காமலே படுத்திருந்தாள். அறுபது என்பது எனக்குத் துடிக்கிற கணக்குத்தானே, பெரிய ஆளுக்குத் துடிக்கிற மாதிரி துடித்தால் நல்லதுதானே என்று கிறுக்குத்தனமாக அப்போது ஒரு எண்ணம் வந்தது. கடிகாரத்தில் முள் ஒரு தடவை நகர்ந்தால் ஒரு துடிப்பு. ஒன்று, அப்புறம் ஒன்று. நடுவில் எவ்வளவு இடம் கிடக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரு பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கும். காத்திருக்குமா. டப். வெயில் இன்னும் முழுசாக ஏறவில்லை, ஆனாலும் பாத்தித் தண்ணீர் காலில் வெதுவெதுப்பாகப் படுகிறது. சிமெண்டின் காரம் விரலிடுக்கில் எரிகிறது. இந்தத் தண்ணீர் லாரியில் வந்தது, கீழே தொட்டியில் இறக்கி மோட்டார் வைத்து ஏற்றுகிறேன். போர்த் தண்ணீர் உப்பு, ஊற்றினால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் போகும் என்று கொத்தனார் தடுத்துவிட்டார். கம்பியைக்கூட நினைத்துப் பார்த்திருக்கிறோம். கரிசல் மண், வெயிலுக்கு வாய் பிளக்கும் மழைக்கு ஊதும் என்று ஏழு அடி தோண்டி, கிராவல் அடித்து, தண்ணீர் விட்டு இறுக்கி, ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துக் கட்டினோம்.

இப்போது இருக்கிற வாடகை வீடு ஒரே அறை. நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் அம்மாவின் பழைய நூல் சேலை. சேலைக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நாங்கள். இரண்டு வருஷம். அம்மா இருமினால் கனி என் கையைப் பிடித்து நிறுத்துவாள், பிறகு காதுக்குள் கேட்பாள், "அத்த உறக்கத்துல இருமுதாகளா, முழிச்சி இருமுதாகளா?" நான் எப்படிச் சொல்ல. சிரிப்பை அடக்குகிறதிலேயே பாதி ராத்திரி போய்விடும். மின்விசிறி சேலையைத் தூக்கித் தூக்கிப் போடும், தூக்குகிறபோதெல்லாம் அம்மாவின் பாதம் தெரியும், அம்மாவுக்கும் எங்கள் பாதம் தெரியும். கனி ஒரு தடவை சொன்னாள், "புது வீட்டுக்குப் போனதும் நான் முதல்ல என்ன செய்வேன் தெரியுமா? ரூமுக்குள்ள போயி, கதவச் சாத்தி, தாப்பாளப் போட்டு, தெருவுக்கே கேக்குத மாதிரி ஒரு கொட்டாவி விடுவேன்." அவ்வளவுதான் அவள் கேட்டது. அலமாரி கேட்கவில்லை, கிரானைட் மேடை கேட்கவில்லை. ஒரு கதவு. பிளானைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அறைக் கதவு வருகிற இடத்தைச் சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அந்த இடம் இப்போது என் காலுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. மூன்றாம் பாத்திக்கு அடியில். அங்கேதான் சொட்டுகிறது. தற்செயல்தான். தற்செயல்தான் என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை சொல்ல வரவில்லை.

முன்வாசலுக்கு நிலை வைத்த அன்று. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், ஏழாம் பாத்தியில் ஏதோ தும்பு விழுந்து மிதக்கிறது, அதை எடுக்கலாம். எடுத்தாயிற்று. நிலை வைத்த அன்று விடியற்காலையில் கனி குளியலறையிலிருந்து வெளியே வந்து கையை நீட்டினாள். அந்தச் சின்னப் பட்டையில் இரண்டு கோடு. இரண்டாவது கோடு மங்கலாக இருந்தது, வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தோம், மங்கலாக இருந்தாலும் இருந்தது. அம்மா அடுப்படியில் பொங்கலுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு நிலை வைக்கோம். அத்தைட்ட சொல்லிருவமா?" என்றாள் கனி. அவள் ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பொம்பளை முழுகாமல் இருந்தால் அந்த வீட்டில் நிலை வைக்க மாட்டார்கள், கிணறு தோண்ட மாட்டார்கள், பிள்ளை பிறந்து தீட்டுக் கழிகிறவரைக்கும் எடுத்த வேலையைக்கூட அப்படியே போட்டுவைப்பார்கள். தெருக்கோடியில் அப்படி ஒரு வீடு இடுப்பளவுச் சுவரோடு ஒன்றரை வருஷம் கிடந்து, சுவருக்குள் எருக்கு முளைத்ததைப் பார்த்திருக்கிறேன். "சாயந்தரம் சொல்லிக்கிடலாம்" என்றேன். சாயந்தரம் என்றால் நிலை வைத்த பிறகு. இரண்டு பேருக்கும் அது புரிந்தது. ஏழரைக்கு ஆசாரி வேப்ப மரத்து நிலையைக் கொண்டுவந்து சாய்த்தார். ஐந்து சுமங்கலிகள் மஞ்சள் பூச வேண்டும், கனி நாலாவது. குழியில் நெல்லும் காசும் பாலும் போட்டார்கள். தூக்குகிறதுக்கு முன்னால் ஆசீர்வாதம் கொத்தனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கேட்டார். கழுத்தில் சிலுவை தொங்குகிறது, ஆனாலும் கேட்பார், கேட்காமல் எந்த வீட்டிலும் நிலையில் கை வைக்க மாட்டாராம். "தம்பி, வீட்டுல யாரும் முழுகாம இருக்காகளா?" எல்லாரும் இருந்தார்கள். கனி கை நிறைய மஞ்சளோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. "இல்ல அண்ணாச்சி" என்றேன். ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. அவர் "ஏசப்பா" என்று முணுமுணுத்துவிட்டு ஒரு பக்கம் தூக்க, ஆசாரி "முருகா" என்று ஒரு பக்கம் தூக்க, நிலை நிமிர்ந்தது. அம்மா குலவை போட்டாள். எனக்கு அந்தக் குலவை இன்னும் நிற்கவில்லை.

அம்மாவிடம் சொன்னது மூன்று வாரம் கழித்து. சாயந்தரம் சாயந்தரமாகத் தள்ளித் தள்ளி மூன்று வாரம். அம்மாவுக்குச் சந்தோஷம் வந்தது, கனியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள், அப்புறம் எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். பின்னாலே பின்னாலே போய்க்கொண்டே இருந்தாள். ஒரு கணுவில் விரல் நின்றுவிட்டது. "ஏலே வேலு" என்றாள். அவ்வளவுதான். மேலே ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். மறு செவ்வாயிலிருந்து நிலைக்கு அடியில் ஒரு விளக்கு ஏற்றி வைக்கிறாள், மழைத் தூற்றலில்கூடக் குடையைப் பிடித்துக்கொண்டு ஏற்றுகிறாள். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஜெராக்ஸ் கடையில் நாளெல்லாம் ஜாதகமும் காப்பி எடுக்கிறேன், ஸ்கேன் ரிப்போர்ட்டும் காப்பி எடுக்கிறேன், இரண்டுக்கும் மிஷினில் ஒரே வெளிச்சம்தான். மரத்தை நிமிர்த்தினால் வயிற்றுக்குள் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. டாக்டரம்மாவே சொன்னார்கள், இது யார் செய்ததாலும் வருவதில்லை என்று. ஒன்றும் ஆகாது என்றால் அன்றைக்கே இருக்கு அண்ணாச்சி, அதனால் என்ன, தூக்குங்க என்று சொல்லியிருக்கலாமே. நம்பாதவன் ஏன் மறைத்தான். இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறேன், தினமும், கேணியில் தவறி விழுந்த வாளி ஒரே கல்லில் இடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. தாத்தா சொன்ன மடைக் கதை இங்கேதான் வந்து உட்காரும். கண்மாய்க்கு மடை கட்டுகிறார்களாம், கட்டக் கட்ட உடைத்துக்கொண்டு போகிறதாம், தலைச்சூல்காரி ஒருத்தியைக் கேட்கிறது என்று யாரோ அருள்வந்து சொன்னானாம். மண் சுமக்கிறவன் ஒருத்தனுக்கு அவன் பெண்டாட்டி வயிற்றைத் தூக்கிக்கொண்டு கஞ்சி கொண்டுவருகிறாள். கூட்டம் அவனைக் கேட்கிறது, இவ யாருலே உனக்கு. அவன் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டான். அவளை வைத்துக் கட்டினார்களாம், மடை நின்றுவிட்டதாம். எனக்கு ஆறு வயது. அவன் ஏன் தாத்தா அப்படிச் சொன்னான் என்று கேட்டேன். "ஏன்னா என்ன, பயந்துட்டான். வாயில வந்துருச்சி" என்று சொல்லிவிட்டுத் தாத்தா துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிவிட்டார். அந்தக் கூட்டமோ அருள்வந்தவனோ எனக்குப் பயமாக இல்லை. அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன செய்தான் என்பதுதான் பயமாக இருந்தது. கஞ்சி அங்கேயே இருந்திருக்குமே. அவனுக்குப் பசித்திருக்குமே. குடித்திருப்பானா.

பத்து ஐம்பது. போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இருக்கிறது. முழங்கால் போட்டு மூன்றாம் பாத்தியின் வரப்பைத் தடவினேன், வடக்கு மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, அழுத்தினால் குமிழி விடுகிறது. மீந்துபோன சிமெண்டை உள்ளங்கையில் குழைத்து அப்பினேன், விரலால் தேய்த்தேன், மறுபடி தேய்த்தேன். நின்றால் எல்லாம் சரியாகிவிடும். இந்தத் தண்ணீர் நின்றால் அங்கே துடிப்பு ஏறியிருக்கும், நூறு, நூற்றி இருபது. யாரிடம் பேரம் பேசுகிறேன். நான்தான் நம்பாதவன். ஹோஸைப் போட்டு மெதுவாக விட்டேன், வெளுத்த இடமெல்லாம் கறுத்தது, கறுத்த இடத்தின்மேல் தண்ணீர் சேர்ந்தது, ஒரு விரல்கடை, ஒன்றரை. வெளியே ரோட்டில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போகிறான். வேலையாட்கள் யாரும் இல்லை, தளத்தில் விழுகிற நிழல்கூட என்னுடையது ஒன்றுதான். நிலை வைத்த அன்றிலிருந்து நான் முன்வாசல் வழியாக இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. யாருக்கும் தெரியாது. அடுப்படிக்குப் பின்னால் கதவு வைக்காத சந்து வழியாகத்தான் வருவேன் போவேன், முட்டுக் கம்புகளுக்குள் குனிந்து குனிந்து. கொத்தனார்கூட ஒருநாள் கேலி பண்ணினார், "என்ன தம்பி, சொந்த வீட்டுக்குள்ளயே களவாணி மாதிரி வாரீக." சிரித்தேன். தண்ணீர் இரண்டு விரல்கடை ஏறிவிட்டது. மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். காதைத் தளத்தில் வைத்துப் படுத்தேன், கன்னம் ஈரத்தில் ஒட்டியது. கீழே டப் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. தண்ணீர் நின்றுவிட்டது. எனக்குள் ஏதோ அவிழ்ந்து, அப்படியே அழுதுவிடலாம் போல இருந்தது, ஈரத்தில் கன்னத்தை வைத்தபடியே சிரித்தேன்கூட. அப்போதுதான் போன் அடித்தது.

கனி. அம்மா பேசுவாள் என்று நினைத்தேன், கனிதான். பின்னால் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிற சத்தம், ஒரு பிள்ளை அழுகிற சத்தம். "பாத்துட்டாக" என்றாள். "துடிப்பு இல்லையாம்." மெதுவாகத்தான் இருக்கு என்று சொன்னாளோ என்று, இல்லை, அவள் சொன்னது தெளிவாகத்தான் கேட்டது. "ரெண்டு பேரு மாறி மாறிப் பாத்தாக. இல்லையாம். ரெண்டு மூணு நாளைக்கு முன்னாலயே நின்னுருக்கும்ங்காக." இரண்டு மூன்று நாள். அப்படியென்றால் நான் இத்தனை நேரம் எண்ணியது எதை. தளம் போட்ட அன்று எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தோம், கனி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள், அன்றைக்கா. மறுநாளா. அவள் எனக்குத் தட்டுக் கழுவிய நேற்று, அப்போதே இல்லையா. "இன்னிக்கே படுக்கணும்ங்காக. மருந்து வச்சி எடுப்பாகளாம். நீங்க வந்து கையெழுத்துப் போடணும்." வருகிறேன் என்று சொன்னேன், சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும், இரண்டு வாரமாக அதற்காகத்தான் காத்துக் கிடக்கிறேன். "அன்னிக்கி அவரு கேட்டப்ப நான் சொல்லிருக்கலாம்" என்றாள். "எனக்கும் வாய் இருந்துச்சி. மஞ்சக் கையோட நின்னேன்லா, நீங்க இல்லன்னதும் எனக்கு எப்படி இருந்துச்சி தெரியுமா. அப்பாடான்னு இருந்துச்சி. எனக்கு அந்தக் கதவு வேணும்னு இருந்துச்சி." அப்புறம், யாரோ அவளைக் கூப்பிட்டார்கள் போல, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இத்தனை நாளும் இது என் தலையில் மட்டும் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு சுகம்கூட இருந்தது என்று இப்போது தெரிகிறது. அவளும் தினமும் ராத்திரி சேலைக்கு இந்தப் பக்கம் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு இதையே சுமந்திருக்கிறாள், இருமலுக்குப் பயந்து இரண்டு பேரும் சத்தம் காட்டாமல்.

எழுந்தேன். கன்னத்தில் சிமெண்ட் ஒட்டி இழுத்தது. பன்னிரண்டு பாத்தியும் நிறைந்து கிடக்கின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை, ஒவ்வொன்றிலும் ஒரு சூரியன். ஏணியில் இறங்கி, முட்டுக் கம்புகளுக்குள் குனிந்து, கால் தன்னால் பின்பக்கச் சந்துக்குப் போனது, போய் அங்கேயே நின்றது. எதற்குச் சுற்ற வேண்டும். இனி எதற்கு. திரும்பி நடந்து நிலைக்கு வந்தேன். மரத்தில் மஞ்சள் வெளுத்து, நாலாவது ஆளின் விரல்தடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அடியில் அம்மாவின் விளக்கில் எண்ணெய் வற்றித் தூசி படிந்திருந்தது. தாண்டினேன். ஒன்றும் ஆகவில்லை. வெறும் மரத்தைத் தாண்டுகிற மாதிரிதான் இருந்தது. வெளியே டி.வி.எஸ் வந்து நின்றது, ஆசீர்வாதம் கொத்தனார், காலை ஊன்றிக்கொண்டே தலையை உயர்த்தித் தளத்தைப் பார்த்தார். "தண்ணி நிக்கா தம்பி?" நிக்கி அண்ணாச்சி என்றேன். "அந்த மூணாவது பாத்தி எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சி. கையாள் பய சரியா பூசாம விட்டுட்டான்." அதை அடைச்சிட்டேன் என்றேன். "அடைச்சிட்டீகளா, பொழைச்சிக்கிடுவீக" என்று சிரித்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி டாங்கின்மேல் வைத்து, என் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தினார். "அம்மா சொல்லிச்சி, இன்னிக்கி மருமக திருநெவேலிக்குப் போயிருக்குன்னு. நானும் காலைல கோயில்ல மண்டி போட்டுட்டுத்தான் வாரேன். என்ன சொன்னாக? ஒண்ணும் கோளாறு இல்லையே?" வெயிலில் கண் கூச அவர் காத்துக்கொண்டு நின்றார். அன்று கேட்ட அதே முகம், அதே சிலுவை. சொல்லிவிடு. அன்றைக்குச் சேர்த்து இன்றைக்குச் சொல்லிவிடு, இரண்டு வார்த்தைதானே. தொண்டைவரைக்கும் வந்தது.

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "நல்லாருக்காம்."

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அவர் நிலையைத் தாண்டி உள்ளே போனார், எந்த முட்டுக் கம்பை எப்போது கழற்றலாம் என்று பார்க்க. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.